நல்ல நிக்கில் இருக்கிறார்

போன கிழமை பேத்திக்கு ஒரு பழைய தள்ளுவண்டி வாங்குவதற்காக லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். காரை நிறுத்த இடம் கிடைக்காமல் மகள் தெருவைச் சுற்றிக்கொண்டிருக்க, நான் மட்டும் இறங்கிப் போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்த வெள்ளைக்காரப் பெண் வண்டியை மடித்துக் காட்டினாள், விரித்துக் காட்டினாள், கூரையை இழுத்துக் காட்டினாள். கடைசியாக, "இட்ஸ் ஸ்டில் இன் குட் நிக்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், நான் ஏதோ பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக் குனிந்து சக்கரங்களை உருட்டிப் பார்த்தாள்.

காரில் ஏறியதும், "வாட்ஸ் ஸோ ஃபனி, அம்மா?" என்று மகள் கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். இரண்டு சிவப்பு விளக்குகளுக்கிடையில் சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல அது. நடுவில் அவளுக்கு வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்தது, கதை அப்படியே நின்றுபோனது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு அவசரம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். எனக்குத்தான் எப்போதும் ஏதோ ஓர் அவசரம். ஓரிடத்தில் உட்கார்ந்து கதை சொல்ல எனக்கு வராது. இதைக்கூடக் குசினிக்கும் முன்னறைக்கும் நடந்தபடிதான் யோசித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து வண்டியின் துணி உறையைக் கழற்றினேன். கொதிநீரில் வெளுத்துச் சூட்டோடு தேய்த்த பருத்தியின் மணம் அடித்தது. அந்த மணம் வந்தால் என் கை தானாகவே துணியின் மூலையைத் தேடும். எண்பதுகளின் கடைசியில் வட லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் நான் வேலை செய்தேன். ஈரமான படுக்கை விரிப்புகள் பெரிய சூட்டு உருளைகளுக்கிடையில் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் பொரித்த அப்பளம் மாதிரி வெளியே வரும். அவற்றைப் பிடித்து மடிக்க இரண்டு பேர் வேண்டும். நானும் புஷ்பமும் ஒரு சோடி. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்து சேருவோம், பிறகு விலகுவோம், திரும்பவும் சேருவோம். சேரும்போது அரை வசனம் பேசுவோம். மிச்ச வசனம் அடுத்த மடிப்புக்கு. எங்கள் நட்பே அப்படி மடிப்பு மடிப்பாக வளர்ந்ததுதான்.

புஷ்பம் மன்னார்ப் பிள்ளை. வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், என்னை அக்கா என்பாள். அவளும் அவள் கணவன் அன்ரனும் ஆர்ச்வேயில் நாங்கள் இருந்த அதே வீட்டில் நடு மாடியில் குடியிருந்தார்கள். கீழ் அறையில் நானும் என்னவரும். மேல் மாடியில் தனி ஆண்கள் சிலர்.

எங்கள் பகுதிக்கு மேற்பார்வை டோரீன். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள் நான் என்ற எண்ணம் எனக்கு அப்போது கொஞ்சம் இருந்தது. செயப்பாட்டு வினையெல்லாம் பிழையில்லாமல் எழுதுவேன். டோரீன் வாயைத் திறந்தால் எனக்கு ஒரு வசனமும் விளங்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், "நாளைக்கு உனக்கு ஒரு பெல் தருகிறேன்" என்றாள். நல்ல மனுசி, சாமிப் படத்துக்கு முன்னால் வைக்க ஒரு மணி தரப்போகிறாள் என்று நினைத்து, படத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கித் துடைத்தும் வைத்தேன். மறுநாள் அவள் தொலைபேசியில் கூப்பிட்டு ஷிப்ட் மாறியிருக்கிறது என்றாள். அதுதான் பெல். இன்னொரு முறை, "ஒரு பென்னி செலவழித்துவிட்டு வருகிறேன்" என்று அவள் எழும்ப, கடைக்குத்தான் போகிறாள் என்று நம்பிய புஷ்பம் தனக்கும் ஒரு போத்தல் பால் வாங்கிவரச் சொல்லிவிட்டாள். டோரீன் போனது கழிப்பறைக்கு. எந்த இயந்திரத்தை இயக்கக் காட்டித் தந்தாலும் முடிவில் "பொப்ஸ் யுவர் அங்கிள்" என்பாள். இந்த பொப் மாமா ஆர், அம்மா வழியோ அப்பா வழியோ என்று நாங்கள் விரிப்பை மடித்தபடி பல நாள் ஆராய்ந்திருக்கிறோம். அவ்வளவுதான், வேலை சுலபம் என்பதற்குத்தான் அந்த மாமாவைக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தபோது எங்களுக்குச் சின்ன ஏமாற்றம்.

சிரிப்பதற்கு இப்படி நிறைய இருந்தாலும், உள்ளுக்குள் ஒரு பதற்றம் ஓயாமல் ஓடிக்கொண்டேயிருந்த காலம் அது. அந்த வீட்டில் இருந்த யாருடைய அகதி விண்ணப்பமும் அப்போது முடிவாகவில்லை. வாசலில் தபால் விழுந்தாலும் தொலைபேசி அடித்தாலும் மூன்று மாடியிலும் கதவுகள் திறக்கும். தொலைபேசி கீழே நடைபாதையில், எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. அன்ரன் மரக்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை செய்தார். லொறிச் சாரதி கென் என்பவரோடு லிங்கன்ஷயர் பக்கம் போய்க் கோவா, அதாவது முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் ஏற்றி வருவது அவருடைய வேலை. விடியப் போனால் இருட்டுவதற்குள் வந்துவிடுவார்.

ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை போனவர் வரவில்லை. மறுநாள் காலையில் ஜன்னலால் பார்த்தால் தெருவே தெரியாத அளவுக்குப் பனி. பாதை மூடியிருக்கும், வந்துவிடுவார் என்று நான் புஷ்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். மத்தியானம் தொலைபேசி அடித்தது. மேல் மாடிச் செல்வம் அண்ணை பக்கத்தில் நின்றதால் அவரே எடுத்தார். வீட்டில் ஆங்கிலத்துக்கு அவர்தான் ஆள். ஒவ்வொரு கிழமையும் ரீவியில் பொலிஸ் நாடகங்களைத் தவறாமல் பார்த்து, அதில் வரும் சொற்களை எங்களுக்கு விளக்குவார். "யெஸ், யெஸ்" என்றார். "தாங்க் யூ" என்றார். பிறகு காசு முடிந்ததற்கான பீப் சத்தம் எங்களுக்கே கேட்டது. வைத்துவிட்டார்.

"ஆரண்ணை?" என்று புஷ்பம் படியில் நின்று கேட்டாள்.

"ஒரு வெள்ளை. அன்ரனைப் பற்றித்தான்."

"என்னவாம்?"

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நிக்கில இருக்கிறாராம்."

நிக் என்றால் என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவரே சொல்லித் தந்த சொல்தான். பொலிஸ் கூடு, சிறை. நாங்கள் மறியல் என்போம்.

"பயப்பிடாதை பிள்ளை," என்றார் அவசரமாக. "குட் நிக் எண்டுதான் சொன்னவன். நல்ல மறியல்தான் போல."

"வேறென்ன சொன்னவன்?"

"அண்டர் த வெதர் எண்டவன். வெளியில பனிக்கை வைச்சிருக்கினமோ தெரியேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "கீப்பிங் மம் எண்டும் சொன்னவன். அப்பிடியெண்டால் வாய் திறக்காமல் இருக்கிறது. என்ன கேட்டாலும் சொல்லுறாரில்லையாக்கும்."

புஷ்பம் அப்படியே படியில் இருந்துவிட்டாள். அவள் ஏன் அப்படி இருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது, கூட இருந்து வெளியில் வந்த ஒருவன், "அவன் வாய் திறக்கிறானில்லை" என்று சொன்னானாம். அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை.

வீடு முழுக்க நடைபாதையில் கூடிவிட்டது. எங்கள் அகதி விண்ணப்பங்களைப் பார்த்த வழக்கறிஞருக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டேயிருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. மரக்கறி வியாபாரியின் அலுவலகமும் பூட்டு. இங்கத்தை மறியலில் ரீவி இருக்காம், மூன்று நேரமும் சாப்பாடு குடுப்பினமாம் என்று ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். நல்ல மறியல், கூடாத மறியல் என்று இந்த நாட்டில் இரண்டு வகை இருக்கிறதா என்று என்னவர் கேட்டார். இருக்கலாம், பள்ளிக்கூடங்கள் அப்படித்தானே இருக்கின்றன என்று ஒருவர் சொன்னார். புஷ்பம் எழும்பிப் போய்ப் புட்டு அவித்தாள். அன்ரனின் கம்பளிச் சட்டையையும் காலுறையையும் ஒரு பையில் வைத்தாள். "அக்கா, வாறீங்களோ?" என்றாள். நான் அதற்கிடையில் கோட்டைப் போட்டுவிட்டிருந்தேன். அந்த நேரத்தில் சும்மா இருப்பதைவிடப் பொலிஸுக்குப் போவது எனக்கு இலகுவாக இருந்தது.

பொலிஸ் நிலையத்துக்குள் நாங்கள் இருவரும் போனது அதுதான் முதல் தடவை. மேசையில் தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சியபடி ஓர் இளம் பொலிஸ்காரன் இருந்தான். புட்டுப் பொதியைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்து, எழும்பி நின்று, என்ன உதவி வேண்டும் என்று கேட்டான். வழி முழுவதும் நான் தயார் பண்ணி வந்த ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. "எக்ஸ்கியூஸ் மீ சேர், ஈஸ் திஸ் குட் நிக்?" என்றேன்.

அவன் மேலே பார்த்தான். சுவரில் உரிந்து கிடந்த வர்ணத்தைப் பார்த்தான். "சீன் பெட்டர் டேய்ஸ், லவ்," என்றான்.

நல்ல காலமெல்லாம் கண்டு முடித்த கட்டடம் என்று அவன் சொன்னதை, இது இல்லைப் போல, இதைவிட நல்லது வேறெங்கோ இருக்கிறது போல என்று புஷ்பத்துக்கு நான் மொழிபெயர்த்தேன். அவனோ எங்களை இருக்கச் சொல்லி, உள்ளே போய் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். பொலிஸ்காரன் தந்த தேத்தண்ணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புஷ்பத்துக்குத் தெரியவில்லை. கோப்பையைத் தொடவே இல்லை. பிறகு அவன் பேனையை எடுத்து, யாரைத் தேடுகிறீர்கள், பெயர் என்ன என்று கேட்டான்.

நான் வாயெடுத்தேன். புஷ்பம் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அக்கா," என்றாள் மெதுவாக. "அவர் சொல்லாமல் வைச்சிருக்கிறதை நாங்கள் வந்து சொல்லிக் குடுக்கிறதோ?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தேடினால் காட்டிக்கொடுத்ததாகும், தேடாவிட்டால் கைவிட்டதாகும். அந்த மர வாங்கில் உட்கார்ந்தபடி என் கால்கள் இரண்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "நாங்கள் பிறகு வருகிறோம்" என்று சொல்லிவிட்டு எழும்பினோம். அவன் வாசல் வரைக்கும் வந்து, படி வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட். பஸ் தரிப்பில் நிற்கப் பொறுமை இல்லாமல் பனிக்குள் நடந்தே போனேன். புஷ்பம் இல்லாமல் வேறொருத்தியோடு மடித்ததில் விரிப்புகள் எல்லாம் கோணல் கோணலாக வந்தன. டோரீன் இயந்திரத்தை நிறுத்தி, உன் கூட்டாளி எங்கே என்று கேட்டாள். சொன்னேன். நிக், வெதர், மம், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"இன் த நிக்கா, இன் குட் நிக்கா?" என்றாள்.

எனக்கு வித்தியாசம் விளங்கவில்லை. டோரீன் வேலையை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். வழியில், "பிராஸ் மங்கீஸ்" என்று இரண்டு தடவை சொன்னாள். குளிரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். குரங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க அன்றைக்கு மனம் இல்லை.

வீட்டு நடைபாதையில் செல்வம் அண்ணையைக் கூப்பிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அந்த ஆள் சொன்ன மாதிரியே, சொல் விடாமல் சொல்லு என்றாள். செல்வம் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ளைக்காரன் குரலிலேயே சொன்னார். "ஹீஸ் இன் குட் நிக்."

"நடுவில் 'த' இருந்ததா?"

அவர் யோசித்தார். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கும் அந்த 'த' தமிழில் கிடையாது. நாங்கள் ஆங்கிலம் கதைக்கும்போது அதை வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வேண்டாத இடத்தில் வைப்போம். "இல்லை," என்றார் கடைசியில். "குட் மட்டும்தான்."

"அப்படியென்றால் மறியல் இல்லை. ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்," என்றாள் டோரீன். "அடுத்தது?"

"பிட் அண்டர் த வெதர்."

"கொஞ்சம் சுகமில்லை. தடிமன் காய்ச்சலாக இருக்கும். அடுத்தது?"

"கீப்பிங் மம்."

டோரீன் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தன் வாய்க்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு போய்ப் படியில் புஷ்பத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். "கீப்பிங் மம் இல்லை. கிப்பிங். கிப்பிங் அட் மீ மம்ஸ்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினாள். அந்தச் சாரதி தன் தாயின் வீட்டில் அன்ரனைப் படுக்க வைத்திருக்கிறான், அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

புஷ்பத்துக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். "ஸ்லீப்பிங்?" என்றாள்.

"ஸ்லீப்பிங், லவ். லைக் எ பேபி."

செல்வம் அண்ணை மட்டும், "அவன் கீப்பிங் எண்டுதான் சொன்னவன்" என்று இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொண்டு நின்றார். புஷ்பம் எழும்பிப் போய், பொலிஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த புட்டைச் சூடாக்கி எல்லாருக்கும் போட்டாள். டோரீன் கையால் சாப்பிட முயன்று மடியெல்லாம் கொட்டினாள். சிரித்தோம். ஆனால் புஷ்பம் ஒரு வாயும் வைக்கவில்லை. ஆள் வரட்டும் என்றாள்.

ஆள் மறுநாள் பின்னேரம் வந்தார். ஒரு கையில் இரண்டு கோவா. தொண்டை முழுக்க அடைத்துப்போய்ச் சத்தம் வரவில்லை. பனியில் லொறி சிக்கியதும், கென்னின் ஊர் பக்கத்தில்தான் என்று நடந்தே போனதும், காய்ச்சலில் படுத்ததும், தொலைபேசிக் கம்பி அறுந்ததால் கென் பனிக்குள் நடந்துபோய்த் தெருப் பெட்டியிலிருந்து எங்களுக்குக் கூப்பிட்டதும் எல்லாம் கிசுகிசுப்பாகவே சொன்னார். புஷ்பம் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவும் இல்லை. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, காப்பெற் முழுக்க ஈரம்" என்று ஏசினாள். பிறகு அந்தச் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டியவள், வெகுநேரம் வெளியில் வரவில்லை.

அடுத்த வாரம் விரிப்பு மடிக்கும்போது ஒரு மடிப்பில் கேட்டாள்: "அக்கா, உண்மையிலேயே உள்ளுக்கை இருந்திருந்தால்?" விலகிப் போனோம். அடுத்த மடிப்பில் சேர்ந்தபோது, "நான் பேர் சொல்லாமல் எழும்பி வந்திட்டனே" என்றாள். நான் உருளையிலிருந்து அடுத்த விரிப்பை இழுத்தேன்.

அதற்குப் பிறகு செல்வம் அண்ணை தொலைபேசியை எடுப்பதை விட்டுவிட்டார். பக்கத்தில் நின்றாலும் அடிக்கட்டும் என்று மேலே ஏறிப் போய்விடுவார். பிறகு டூட்டிங் பக்கம் போனார் என்று கேள்வி. அன்ரனுக்கும் புஷ்பத்துக்கும் ஒரு வழியாக அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ஆனால் அவர்கள் இங்கே நிற்காமல் கனடா போய்விட்டார்கள். முதலில் மாதத்துக்கொரு தடவை கதைத்தோம், பிறகு நத்தார்ப் பண்டிகைக்கும் பொங்கலுக்கும். அந்த வீட்டை இடித்துத் திருத்தி மூன்று தனி வீடாக்கிவிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிச் சலவையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டு எங்கள் பகுதியை மூடினார்கள்.

கடைசி நாள் உருளைகள் குளிர்ந்துபோய்க் கிடந்தன. அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. டோரீன் வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "டா-ரா, லவ். பி லக்கி," என்றாள். அவளுடைய ஊரில் விடைபெறும்போது சொல்வது அது. எனக்கு விளங்கியது. ஆனாலும் விளங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டடி திரும்பி வந்து, என் கையைப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி இன்னொரு தரம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை. பெத்னல் கிரீன் பக்கம் போகிற நாட்களில் கடைவாசல்களிலும் பஸ் தரிப்புகளிலும் காதைக் கொடுத்தபடிதான் நடக்கிறேன். யாரும் யாரையும் பி லக்கி என்று சொல்லி அனுப்புவதாகக் கேட்கவில்லை.